ஏடு காத்த மருத்துவம்

தாதரில் வாழும் தமிழராகிய நாம் மருத்துவ வரலாற்றின் மேலேயே குடியிருக்கிறோம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாண்டுவிப் பகுதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றிப் பம்பாய் நகரையே கலக்கியது. இட நெருக்கமும் காற்றோட்டமின்மையும் நோய் பரவ இடந்தருகின்றன எனக் கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. தாதர், மாதுங்கா ஆகிய பகுதிகள் அகன்ற தெருக்களோடு உருப்பெற்றது அந்த டிரஸ்டின் திட்டத்தினாலேயே. பின்னாளில் தென்னாட்டினின்றும் வந்த நம் முன்னோர் பலர் அங்குக் குடியேறினர்.

நமக்கு அண்மையிலுள்ள பரேலில், பழைய ஆளுநர் மாளிகையில், 1899 முதல் இயங்கிவந்த பிளேக் ஆய்வுக்கூடமே 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. தாம் கண்ட தடுப்பு மருந்தை 1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தவர் ஹாஃப்கின்.

இவ்வாறு ஒரு நோயின் வரலாறு நாம் நாளும் நடக்கும் தெருவிலேயே பதிந்திருக்கிறது. ஆனால் ஊரில் வாழ்ந்து மறைந்த நம் பாட்டனும் பாட்டியும் எந்த நோயால் வருந்தினர், எம்மருந்தால் தேறினர் என்பதை எங்கே காண்பது? இவ்வினாவோடு நாம் செல்லத்தக்க இடம் ஒன்றுண்டு. அதுவே தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம்.

நாயக்க மன்னர் காலத்திலேயே அரண்மனை ஏட்டுச்சாலையாகத் தோன்றிய இந்நூலகத்தைப் பேரளவில் வளர்த்தவர் 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர். வடமொழி, தமிழ், மராத்தி, தெலுங்கு ஆகிய மொழிகளின் சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். மருத்துவத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு பெரிது. தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச் சாலை நிறுவி, நம் நாட்டு மருந்துகளும் மேனாட்டு முறைகளும் ஓரிடத்தே ஆராயப்பட வழிசெய்தார். அங்குப் பயன்பட்ட மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக யாக்கப்பெற்றன. மனத்தில் நிறுத்தி எளிதில் ஓதுவதற்குச் செய்யுளே ஏற்றது என்பது அக்கால மருத்துவர் கண்ட உண்மை. சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்கும் அவற்றை, கண்நோய், நீரிழிவு, கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகட்கும் உண்டாகும் நோய் என வகுத்து நூலகமே பின்னாளில் அச்சிட்டு வெளியிட்டது.

இவற்றினும் அரியது ஒன்று அங்கே இருக்கிறது. கண்நோயாளர்க்குச் செய்த மருத்துவத்தை ஆள்தோறும் எழுதி வைத்த குறிப்பேடுகள் அவை. நோயுற்ற கண்களை வண்ணத்தில் தீட்டிய படங்களும் உடன் உள்ளன. புகைப்படக் கருவி நம் நாட்டுக்கு வருமுன்னரே, கண் மங்கி வந்த எளிய மக்களின் நிலையைப் பார்த்துப் பார்த்து ஓவியர் வரைந்திருக்கின்றனர்!

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளியையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் துணைநிற்போனும் அதன் பின்னரே வருகின்றனர். மருத்துவ நூல்களோ பெரும்பாலும் மருந்தைச் சொல்லும், மருத்துவனைப் புகழும், நோயாளியை மறந்துவிடும். தஞ்சையின் குறிப்பேடுகள் அவனையும் மறவாமல் காத்திருக்கின்றன. மருத்துவ வரலாற்றுக்கென நூல் தொகுப்போர் இங்கே கற்கத்தக்க பாடம் இதுவே எனலாம்.

இத்தகைய செல்வத்தின் அருமையை மேனாட்டார் நன்குணர்ந்தனர். பர்னெல் என்னும் ஆங்கிலேயர் தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்து 1880இல் வெளியிட்டார். இலண்டனில் வெல்கம் என்னும் மருந்து வணிகர் தொகுத்த மருத்துவ வரலாற்று நூலகத்தில் இந்தியச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தஞ்சை நூலகமும் 1918இல் பொதுமக்களுக்குரியதாயிற்று.

நாமோ என்ன செய்தோம்? பனையோலை நெடுநாள் வாழாது. சில நூற்றாண்டுகளுக்கொருமுறை புதிய ஓலையில் படியெடுத்தாலன்றி அதிலுள்ள நூல் நிலைக்காது. படியெடுப்பார் அருகியபின், ஆடிப் பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடுவதே கடமையென நம் முன்னோர் சிலர் நினைத்தனர். ஆறு கொண்டது போக எஞ்சியவற்றைச் செல்லும் அடுப்பும் கொண்டன. வீட்டை விற்றுப் பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு இரயிலேறியபோது, பரணில் கிடந்த ஏட்டுக் கட்டை எத்தனை குடும்பத்தார் நினைத்துப் பார்த்தோம்? இக்குறை பிறர்மேல் சுமத்தத்தக்கதன்று, நம்முடையதே.

ஆயினும் காலம் முற்றும் கடந்துவிடவில்லை. கோடை விடுமுறையில் ஊர் செல்வோர் ஒருமுறை பரணையும் பெட்டகத்தையும் பாருங்கள். ஏடு கிடைப்பின் அதனைப் பிரிக்க முயலாது, கட்டுக் குலையாமல் சரசுவதி மகாலுக்கோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தெரிவியுங்கள். ஏட்டில் கண்ட மருந்தைத் தக்க மருத்துவரைக் கேளாது உண்பது தகாது; ஆயின் அதனைக் காப்பது நம் கடன்.

ஏடு இல்லாத வீட்டிலும் பாட்டியார் இருக்கலாம். அவர் சொல்லும் கைம்மருந்தைக் குறிக்கும்போது, யாருக்கு, எந்த ஊரில், எந்த நோய்க்குக் கொடுத்தார் என்பதையும் கேட்டுச் சேர்த்தெழுதுவோம். சரசுவதி பூசையன்று நம் தாதர் வீடுகளில் அடுக்கும் நூல்களிடையே அக்குறிப்பேடும் ஒன்றாக இடம்பெறட்டும். நம் குலத்தின் நோயும் தேற்றமும் அதில் வாழும்.