சிங்கப்பூர்ப் பெண்: விளம்பரமும் வேலையும்

விளம்பரத்தில் பெண் என்றதும் சோப்பும் சமையல் எண்ணெயும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற விளம்பரப் பெண் விமானத்தில் வந்தவர். 'சிங்கப்பூர் கேர்ள்' என்று உலகம் அவரை அறியும்.

அவருடைய உடை விளம்பரத்துக்கு முந்தியது. மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்காக 1968ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியேர் பால்மேன் சரோங் கெபாயாவைச் சீருடையாக வடிவமைத்தார். 1972ல் அந்நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த உடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

உள்நாட்டுப் பயணிகளே இல்லாத சிறிய நாட்டின் நிறுவனம், உலகப் பெரு நிறுவனங்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. விளம்பர நிபுணர் இயன் பேட்டி, விமானத்தைவிடப் பணிப்பெண்ணையே முன்னிறுத்தினார். பணிவும் புன்னகையும் விற்பனைப் பொருளாயின. உத்தி பலித்தது. 1993ல் லண்டன் மேடம் துசோ அரும்பொருளகத்தில் அவருக்கு மெழுகுச் சிலையே வைக்கப்பட்டது.

கண்டனமும் கூடவே எழுந்தது. அதே விமானத்தில் ஆண் சிப்பந்திகளும் உணவு பரிமாறுகிறார்கள். ஆபத்து நேரத்தில் பயணிகளைக் காப்பது இருபாலரின் கடமை. அப்படியிருக்க, பணிவுக்கு மட்டும் பெண் முகம் ஏன்? 2007ல் விளம்பர ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறிய சமயத்தில் இக்கேள்வி பலமாக ஒலித்தது. எனினும் சிங்கப்பூர்ப் பெண் நிலைத்தார்.

கெபாயா நம் வட்டாரத்தின் அழகிய உடை. பல பெண்களுக்கு நல்ல சம்பளமும் உலகைக் காணும் வாய்ப்பும் கிடைத்தன என்பர் ஆதரவாளர்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் விளம்பரத்தில் தெரியாத இன்னொரு பக்கமும் இருந்தது. கருவுற்ற சிப்பந்திகள் வேலையை இழப்பது நெடுங்கால நடைமுறை. 'அவேர்' மாதர் சங்கம் அதைக் கண்டித்தது. 2022 ஜூலையில்தான் அது கைவிடப்பட்டது. இப்போது அவர்கள் தற்காலிகமாகத் தரைப்பணி செய்யலாம். பேறுகால விடுப்பு முடிந்ததும் மீண்டும் பறக்கலாம்.

விளம்பரம்தான் அந்த விதியை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் என்றும் இளமை மாறாத அந்தப் படத்தில் தாய்க்கு இடம் இருந்ததில்லை; கருவுற்றவருக்கு நெடுங்காலம் வேலையிலும் இடம் இருந்ததில்லை. உடை நீளமா, இறுக்கமா என்று வாதிட்ட அளவுக்கு இதைப் பற்றி நாம் வாதிட்டோமா? விளம்பரப் பெண்ணின் புன்னகையைப் பார்க்கும்போது, அவருடைய வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.