கடனும் கணக்கேடும்
கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றில் ஒரு பகுதி

தமிழில் "கடன்" என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செய்ய வேண்டிய கடமையும் கடன். திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். கணக்கெழுதுவோர் வழங்கும் "பற்று" என்னும் சொல்லும் அத்தகையதே. ஒருவன் பெற்றுக்கொண்ட தொகையைப் பேரேட்டில் பற்று என்று எழுதுவர். உள்ளத்தை விடாது பிணிப்பதையும் பற்று என்பர். மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளியின் வாழ்க்கையில் இவ்விரு சொற்களும் தம் முழுப் பொருளோடும் வந்து நின்றன. இந்நாட்டில் அவன் பெயர் முதன்முதலில் ஏறிய ஏடு பல வேளைகளில் ஒரு பற்றுக் கணக்கே. அவ்வேட்டை எழுதியவன் அவன் அல்லன். அதைப் படித்துப் பார்க்கவும் அவனுக்கு எழுத்துத் தெரியாது.

கடன் எவ்வளவு என்பதைக் காட்டிலும், கடனின் கணக்கு யார் கையில் இருந்தது என்பதே ஒரு குடும்பத்தின் நிலையைப் பெரிதும் முடிவு செய்தது. கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரங்களின் நூறாண்டு வரலாற்றை இந்நோக்கில் ஆராய்ந்தால் இவ்வுண்மை புலப்படும்.

கங்காணியின் ஏடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிலாங்கூரின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது, இத்தோட்டங்களின் வாயிலாக விளங்கிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களை ஊரிலிருந்து திரட்டி வந்தவர் கங்காணி. தோட்டத்து நிர்வாகம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி அதைக் கொண்டு ஊரில் ஆளின் பழைய கடனைத் தீர்ப்பார்; வழிச் சோற்றுக்கும் கப்பற் கூலிக்கும் செலவிடுவார்; அனைத்தையும் ஆளின் பெயரில் பற்று எழுதுவார். ஊர்க் கடனிலிருந்து விடுபட்டதாக எண்ணிக் கரையிறங்கியவன், அக்கடன் பெயர் மாறித் தன்னோடு கடல் கடந்து வந்திருப்பதைப் பின்னரே உணர்ந்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இம்முறை "துண்டு" என்னும் வடிவம் பெற்றது. ஆளின் கடன் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டே ஒரு தோட்டம் அவனை மற்றொரு தோட்டத்துக்கு விடுவித்தது. கடனை ஏற்பவர் ஆளையும் ஏற்றனர். இத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் தடை செய்யப்பெற்றது. மலாயாவில் சீர்திருத்தம் சற்று முன்னரே தொடங்கிற்று. 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டித் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று நிறுவப்பெற்றது. தொழிலாளரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910-இல் ஒழிந்தது. ஆள் கடனின்றிக் கரையிறங்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

ஆயினும் பயணக் கடன் போன இடத்தில் தோட்டக்கடைக் கடன் வந்து அமர்ந்தது. காலைப் பெரட்டில் பேர் போடுவது செக்ரோலில். மாலையில் அரிசியும் உப்பும் வாங்குவது கடைக்காரர் நோட்டில். மழை பெய்து பால் வெட்ட முடியாத நாளில் பேர் விழாது. அரைப் பேரோடு திரும்பும் நாளும் உண்டு. ஆனால் அடுப்பு அரை நாள் எரிந்து அணைவதில்லை. ஆகவே சம்பள நாளன்று செக்ரோல் ஏட்டையும் கடை நோட்டையும் ஒட்டிப் பார்த்து மிஞ்சியதே கூலி. இரண்டு ஏடுகளுள் ஒன்றேனும் லயத்து வீட்டுக்குள் இருந்ததில்லை.

செட்டியார் பேரேடு

அதே கப்பல்களில் வந்த தமிழருள், கணக்கையே படைக்கலமாகக் கொண்ட ஒரு சாராரும் இருந்தனர். கோலாலம்பூர் அம்பாங் வீதியில் கிட்டங்கி அமைத்து வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே அவர்கள். இளமையிலேயே பெட்டியடியில் அமர்ந்து வட்டிக் கணக்குப் பழகுவதும், அன்றாடக் கணக்கை அன்றே முடிப்பதும், காலந்தோறும் ஐந்தொகை எடுத்துச் சொத்தையும் கடனையும் நேர் வைத்துப் பார்ப்பதும் அவர்தம் மரபு. தோட்டம் வாங்குவோரும் வணிகரும் அரசாங்க எழுத்தர்களும் அவர்களிடம் கடன் பெற்றனர்.

ஒரே மொழி பேசியோர், ஒரே கடலைக் கடந்தோர். அவருள் ஒருவர் கையில் ஐந்தொகை இருந்தது. மற்றொருவர் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. இவ்வேற்றுமைக்குக் கைமுதலும் குலத்தொழிலும் காரணங்களே. எனினும் எழுதிப் பார்க்கும் வழக்கமும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க காரணமாகும். திருக்குறளில் வருவாயையும் செலவையும் அளந்தறியுமாறு வற்புறுத்தும் குறட்பாக்கள் வலியறிதல் அதிகாரத்தின் இறுதியில் அமைந்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. படை வலியையும் பகை வலியையும் அறியச் சொன்னவர், வரவின் அளவை அறிவதையும் வலிமையின்பாற் படுத்தினார்.

அரசின் பட்டியல்

1922-இல் இந்தியக் குடிபெயர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1923-இல் இந்திய அரசின் ஏஜண்டு ஒருவர் மலாயாவுக்கு அனுப்பப்பெற்றார். அதன் பின்னர்த் தொழிலாளி குடும்பத்தின் வரவு செலவு அரசாங்கத் தாளில் ஏறத் தொடங்கிற்று. உணவு, உடை முதலிய தேவைகளின் விலையைக் கூட்டி, அப்பட்டியலுக்கேற்பத் தரக்கூலி நிர்ணயிக்கும் முறை 1920-களில் வந்தது. போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அத்தரக்கூலி. மாதம் 24 நாள் இருவரும் பேர் போட்டால் ஆணுக்கு 12 வெள்ளி, பெண்ணுக்கு 9 வெள்ளி 60 காசு. ஆக 21 வெள்ளி 60 காசு.

1930-இல் இரப்பர் விலை வீழ்ந்தது. தரக்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பெற்றது. அதே 24 நாளுக்கு இருவர் வரவும் 17 வெள்ளி 28 காசாயிற்று. மாதம் 4 வெள்ளி 32 காசு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, ஓர் ஆணையால் குறைந்தது. மந்தம் முற்றியபோது கூலி மேலும் இறங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பெற்றனர். பட்டியல் இட்டவர்கள் கூலியைக் குறைத்தபோது பட்டியலுக்குரிய குடும்பத்தைக் கேட்கவில்லை.

1936-இன் இறுதியில் இங்கு வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், 50 காசும் 40 காசுமான பழைய கூலியை மீட்டுத் தருமாறு பரிந்துரைத்தார். அது மீண்டும் வந்தது. ஆயின் 1938-இல் 45, 36 என மறுபடியும் குறைக்கப்பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடிபெயர்வதையே தடை செய்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றது ஒரு கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்க வேண்டும். முன்னது வரவைப் பற்றியது. பின்னது செலவைப் பற்றியது. தம் வீட்டு வரவு செலவின் இரு பக்கங்களையும் தொழிலாளரே வாய்திறந்து பேசிய நிகழ்ச்சி அது. நாதன் கைது செய்யப்பெற்று நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சங்கமும் கூட்டும்

செருமனி நாட்டில் ரைபைசன் என்பார் உழவருக்காக அமைத்த நாணயச் சங்கங்களைச் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் பிறந்தது. மலாயாக் கூட்டு மாநிலங்களில் 1922-இல் கூட்டுறவுச் சட்டமும் கூட்டுறவு இலாகாவும் வந்தன. அவ்வாண்டு ஜூலையில் பதிவு பெற்ற முதற் சங்கம் அஞ்சல், தந்தி ஊழியரின் சிக்கன, கடன் கூட்டுறவுச் சங்கமாகும். அரசாங்க எழுத்தர்களின் கடன் சுமையே இச்சங்கங்கள் தோன்ற ஒரு காரணம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த மாதச் சம்பளக்காரருக்கும் சங்க வாழ்வு புதிதன்று. தோட்டங்களிலும் பின்னர் ஐக்கிய நாணய சங்கங்கள் பரவின.

சங்கத்தின் சிறப்பு வட்டி குறைவு என்பது மட்டுமன்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தம் பெயரில் ஒரு புத்தகம் கிடைத்தது. தாம் கட்டியதும் பெற்றதும் அதில் இருந்தன. அதைத் தாமே வீட்டில் வைத்திருந்தனர். கணக்கு முதன்முறையாக லயத்து வீட்டுக்குள் புகுந்தது எனலாம்.

பெண்களோ இதற்கு வேறொரு வழியும் கண்டிருந்தனர். மாதந்தோறும் சிறு தொகை போட்டு, ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுக்கும் "கூட்டு" அது. நம்பிக்கை ஒன்றே அதன் பத்திரம். நம்பிக்கை பிசகிய இடங்களில் பலர் பணம் இழந்தனர். 1971-இல் மலேசிய நாடாளுமன்றம் கூட்டு நிதி நடத்தும் தொழிலைத் தடை செய்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்னும் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்ப் பெண்களின் சேமிப்பு முறைக்கு ஒரு நாட்டின் சட்டநூல் தந்த சான்று என அதனைக் கொள்ளலாம்.

சங்க முறையின் பெரிய வெற்றி 1960-இல் வந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்று வெளியேற, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலம் அது. துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. பால் வெட்டிய கைகள் சேர்த்த அப்பத்துப் பத்து வெள்ளியைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. கூலியாக இருந்தவர் பங்குதாரர் ஆனார். மாத வரவில் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு எஞ்சியதில் வாழும் ஒழுங்கே இதனை இயலச் செய்தது.

அட்டையின் காலம்

பின்னர்ப் பள்ளத்தாக்கின் தோற்றம் மாறிற்று. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. லயத்தை விட்டவர்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். தோட்டக்கடை மறைந்தது, கடன் அட்டை வந்தது. பெயரை எழுதுவார் யாரும் இல்லை. இயந்திரமே பற்று எழுதிக்கொள்கிறது. மாதம் ஒரு முறை அறிக்கை வருகிறது. அதில் பெரிய எழுத்தில் உள்ள மொத்தத் தொகையைப் பாராமல், "குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது" என்னும் சிறு தொகையை மட்டும் பார்ப்பவர் பலர்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி, அதாவது மாதம் ஒன்றரை விழுக்காடு. கடன் 5,000 வெள்ளி. இனி அட்டையைத் தொடாமல் மாதந்தோறும் தவறாது 250 வெள்ளி கட்டினால் 24 மாதத்தில் கடன் தீரும்; வட்டி ஏறத்தாழ 990 வெள்ளி. மாறாக, நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இவற்றுள் பெரியது எதுவோ அதை மட்டும் கட்டிவந்தால், கடன் தீர ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும்; வட்டி ஏறத்தாழ 1,870 வெள்ளி. முதல் மாதம் இருவரும் கட்டுவது ஏறக்குறைய ஒரே தொகை. பின்னவரின் கட்டணம் மாதந்தோறும் தேய்கிறது. அத்தேய்வே கடனுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது.

1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டபோது, ஈடு இல்லாத கடனுக்கு உச்ச வட்டியாக விதிக்கப்பெற்றதும் இதே 18 விழுக்காடுதான். அட்டை பார்வைக்குப் புதியது. வட்டி பழகிய வட்டியே. உரிமமின்றிக் கடன் தரும் ஆலோங்கிடம் சிக்குவோருக்கு அவ்வரம்பும் இல்லை.

அரசும் வாளாவிருக்கவில்லை. பேங்க் நெகாரா 2006-இல் கடன் ஆலோசனை, நிர்வாக முகவையகத்தை, அதாவது ஏ.கே.பி.கே.யை, நிறுவிற்று. கடனில் மூழ்கியோர் கட்டணமின்றி அதனை நாடலாம். 2011-இல் ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறைந்தோருக்கு அட்டை கூடாது என்றும், 36,000 வெள்ளிக்கு மேற்படாதோருக்கு இரண்டு நிறுவனங்களின் அட்டைகளே உண்டு என்றும் பேங்க் நெகாரா விதித்தது. அம்முகவையகத்தின் ஆலோசகர் முன் அமரும் குடும்பம் முதலில் எடுத்துவைக்க வேண்டியது என்ன? தன் மாத வரவு, தன் மாதச் செலவு, தன் கடன்கள் என்பனவே. முன்பு கங்காணியும் கடைக்காரரும் இலாகாவும் எழுதிய கணக்கைக் குடும்பமே எழுதவேண்டிய இடத்துக்கு வரலாறு வந்து சேர்ந்திருக்கிறது.

அவ்வாறு எழுதுவது கடினமும் அன்று. மாதத் தொடக்கத்தில் வரவை எழுதி, கடனுக்கென மாறாத் தொகை ஒன்றை முதற் செலவாகக் கழித்து, வீட்டு வாடகை, மளிகை, பள்ளிச் செலவு, தீபாவளி, திருமண மொய் ஆகியவற்றுக்கு எஞ்சியதைப் பங்கிட்டு, மாத இறுதியில் ஐந்தொகை பார்த்தால் போதும். 1960-இல் பத்து வெள்ளி ஒதுக்கியவர்கள் செய்ததும் இதுவே. ஆனால் கணக்கெழுதுவதால் மட்டும் சம்பளம் உயர்ந்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. 17 வெள்ளி 28 காசில் வாழ நேர்ந்த குடும்பத்துக்கு எந்தச் சிக்கனமும் முழு மருந்தாகாது. 1941-இல் கிள்ளான் தொழிலாளர் கேட்டது கூலியையும் சேர்த்துத்தான். வரவு போதாது என்பதைத் திட்டமாய்க் காட்டவும் ஒரு கணக்கு வேண்டும். அதனை எழுதி வைத்திருப்பவரே முதலாளியிடமும் வங்கியிடமும் எண்ணைச் சுட்டிப் பேசமுடியும்.

தமிழ்ப் பள்ளிகளில் வட்டிக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் கற்பனை எண்களுக்குப் பதிலாக இவ்வரலாற்றின் எண்களைக் கரும்பலகையில் எழுதலாம். தரக்கூலி 50 காசிலிருந்து 40 காசானபோது எத்தனை விழுக்காடு குறைந்தது என்றும், 5,000 வெள்ளி அட்டைக் கடன் 250 வெள்ளி வீதம் எத்தனை மாதத்தில் தீரும் என்றும் மாணவர் கணக்கிடட்டும். பாட்டன் படிக்க இயலாத ஏட்டைப் பேரப்பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் அப்பயிற்சி வழிசெய்யும்.