ஸ்பானிய உள்நாட்டு யுத்தமும் யூத இலக்கியமும்

1936 ஜூலை முதல் 1939 ஏப்ரல் வரை ஸ்பெயினில் நிகழ்ந்த உள்நாட்டு யுத்தத்தைப் பொருளாகக் கொண்டு, அந்நாட்டினர் அல்லாத யூத எழுத்தாளர் பலர் யிட்டிஷ், ஆங்கிலம், ஜெர்மன், ருஷ்யம் முதலிய பாஷைகளில் கவிதைகளும் நாவல்களும் அநுபவ நூல்களும் இயற்றினர். பிறருடைய சுதந்தரத்திற்காக நடந்த போரை எழுதப் புகுந்த அவர்கள், அதன் வாயிலாக, யூதர் என்பதன் பொருள் யாது என்னும் பழைய வினாவையும் புதிதாக ஆராய நேர்ந்தது.

இவ்வினாவிற்கு ஸ்பெயினைப் போல் உரிய களம் வேறில்லை. 1492-ல் பெர்டினாண்டும் இஸபெல்லாவும் பிறப்பித்த ஆணையால், ஞானஸ்நானம் பெற மறுத்த யூதர் யாவரும் அந்நாட்டினின்று வெளியேற்றப்பட்டனர். சுமார் நாலரை நூற்றாண்டு கழிந்தபின், கிளர்ச்சிப் படைத் தலைவர் பிராங்கோவை எதிர்த்துக் குடியரசைக் காக்கப் பல தேசங்களிலிருந்து திரண்ட சர்வதேசப் படைகளில் ஆயிரக்கணக்கான யூதர் தொண்டர்களாகச் சேர்ந்தனர். 1937 டிசம்பரில், முன்னர் போலந்தில் மரண தண்டனைக்கு உள்ளான நப்தாலி பாட்வின் என்ற யூத இளைஞனின் பெயரால், போலிஷ் தொண்டர்களின் படைப்பிரிவினுள் யூதருக்கென ஒரு தனி அணி அமைக்கப்பட்டது. போர்முனையிலேயே அவ்வணி யிட்டிஷ் பத்திரிகையொன்றையும் நடத்திற்று.

யிட்டிஷ் கவிகளுள் அமெரிக்காவில் வாழ்ந்த ஆரன் கர்ட்ஸ், ‘நோ பாசரான்’ என்னும் தொகுதியை 1938-ல் வெளியிட்டார். சொந்தப் பாஷையில் சொந்த மக்களுக்கே எழுதிய இத்தகையோர்க்குத் தம் இனத்தின் நினைவை மறைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிற பாஷைகளில் எழுதியோரின் நிலை வேறு. புடாபெஸ்டில் பிறந்த ஆர்தர் கோஸ்லர், 1937-ல் மாலகாவில் கைதாகி, செவில் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நாட்களை ‘ஸ்பானிஷ் டெஸ்டமென்ட்’ என்ற நூலில் பதிவு செய்தபோது, தம் பிறப்பைக் காட்டிலும் உடனிருந்த ஏழைக் கைதிகளின் முடிவையே முதன்மையாகக் கருதினார். அமெரிக்கத் தொண்டரான ஆல்வா பெஸ்ஸி, 1939-ல் தம் போர் அநுபவங்களை ‘மென் இன் பேட்டில்’ என நூலாக்கினார்.

இவ்விரு போக்குகளும் ஒன்று கூடுமிடம் அமெரிக்க யூதக் கவி மூரியல் ருகெய்சரின் வாழ்க்கை. பெர்லின் ஒலிம்பிக்கிற்கு எதிராகப் பார்ஸிலோனாவில் ஏற்பாடான மக்கள் விளையாட்டு விழாவைப் பற்றி எழுதச் சென்ற அக்கவி, இருபத்திரண்டாம் வயதில் யுத்தத்தின் தொடக்கத்தைக் கண்ணாரக் கண்டார். அதைப் பற்றி அவர் எழுதிய ‘சாவேஜ் கோஸ்ட்’ என்னும் நாவல் அக்காலத்தில் பிரசுரம் பெறாமல் 2013-லேயே அச்சேறியது. ஆயினும் ஸ்பெயின் அவர் கவிதையை விட்டு நீங்கவில்லை. 1944-ல் வெளிவந்த போர்க்காலக் கவிதைத் தொடரொன்றில், யூதராயிருத்தல் ஏற்கவும் மறுக்கவும் கூடிய ஒரு கொடை என்றும், மறுப்போர் ஆன்மாவையே இழப்பர் என்றும் அவர் பாடிய பகுதி, பிற்காலத்தில் அமெரிக்க யூதரின் பிரார்த்தனை நூல்களில் இடம்பெற்றது. அந்நியருடைய போரில் விழித்த ஒரு மனசாட்சி, இவ்வாறு தன் மக்களின் வழிபாட்டிலேயே வந்து சேர்ந்தது.