போர்வையும் மருந்தே: நானோ துகள்மேல் படியும் இரத்தப் புரதங்கள்

தில்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து எய்ம்ஸுக்கும் சஃப்தர்ஜங் மருத்துவமனைக்கும் நடந்தே போய்விடலாம். 2021 மே மாதத்தில் கரும்பூஞ்சை நோயாளிகளின் உறவினர்கள் மருந்துச் சீட்டோடு தலைநகர் முழுக்க அலைந்தது ஒரு மருந்துக்காக: லிப்போசோம் வடிவிலான ஆம்ஃபோடெரிசின் பி. இதன் பழைய வடிவம் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும். கொழுப்பாலான நுண்குமிழில் வைத்துக் கொடுத்தால் அந்தத் தீங்கு பெரிதும் குறைகிறது. காரணம் கேட்டால் குமிழைக் காட்டுவார்கள். அது பாதி விடைதான். சீசாவில் இருக்கும் குமிழும் இரத்தத்தில் ஓடும் குமிழும் ஒன்றல்ல. இரத்தத்தில் கலந்ததுமே அதன்மேல் புரதங்கள் படிகின்றன. குமிழ் எந்த உறுப்புக்குப் போகும், எந்த உயிரணு அதை உள்வாங்கும் என்பதில் அந்தப் படிவுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே அதை மருந்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும், நோயாளியின் இரத்தத்திலேயே அதைச் சோதிக்கவும் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்படிவுக்குக் ‘கொரோனா’ என்ற பெயரை 2007இல் டப்ளின், லுண்ட் ஆய்வாளர்கள் நிலைநிறுத்தினர். மகுடம் என்று பொருள். மகுடம் தலையோடு நின்றுவிடும், இதுவோ மேனி முழுவதையும் மூடுகிறது. புரதப் போர்வை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் புரதம் உண்டு. பாதிக்கு மேல் ஆல்புமின். மிகுதியாக இருப்பதாலும் விரைந்து நகர்வதாலும் அதுவே முந்திக்கொண்டு ஒட்டும். பிறகு, அளவில் குறைந்தாலும் பரப்போடு இறுகப் பிணையக்கூடிய புரதங்கள் வந்து அதை விலக்கி அமரும். கண்ணாடி போன்ற பரப்புகளில் இவ்விடமாற்றத்தை 1960களில் லியோ வ்ரோமன் விவரித்தார். ஆனால் நானோ துகளுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களைப் பிளாஸ்மாவில் இட்டுப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், அரை நிமிடத்துக்குள் ஏறத்தாழ 300 வகைப் புரதங்கள் படிந்திருந்தன. நேரம் செல்லச் செல்ல அளவுகள் மாறினவே தவிர, வகைகள் பெரிதும் மாறவில்லை.

போர்வை துகளின் முகவரியையே மறைத்துவிடக்கூடும். புற்றணுக்களை நாடிச் செல்லட்டும் என்று டிரான்ஸ்ஃபெரின் பொருத்திய துகள்கள், சீரத்தில் புரதம் படிந்ததும் இலக்கை அறியும் திறனை இழந்ததை அதே 2013இல் டப்ளின் குழு காட்டியது. இதற்கு நேர்மாறானது, 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து. அதன் கொழுப்புத் துகள்மேல் இரத்தத்தின் அப்போலிப்போபுரதம் ஈ படிகிறது. அந்தப் புரதத்தை அடையாளம் கண்டே கல்லீரல் அணுக்கள் துகளை உள்வாங்குகின்றன. இங்கே போர்வைதான் முகவரி.

நம் நாட்டில் இதற்கு இணையாகக் காலா அசார் என்னும் ஒட்டுண்ணி நோயைச் சொல்வேன். லீஷ்மேனியா ஒட்டுண்ணி குடியிருப்பது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் விழுங்கணுக்களுக்குள். அயல்பொருளின்மேல் எதிர்ப்புரதங்களும் நிரப்புப் புரதங்களும் படிந்தால் அதைப் பிடித்து விழுங்குவதும் இதே அணுக்கள்தாம். புற்றுநோய் மருத்துவத்தில் இது தொல்லை. மருந்து கட்டியை அடையுமுன் கல்லீரல் பறித்துக்கொள்கிறது. காலா அசாரிலோ மருந்து சேர வேண்டிய இடமே அதுதான். ஷ்யாம் சுந்தர் குழுவினர் பீகாரில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒருமுறை ஏற்றிய லிப்போசோம் மருந்து ஆறு மாத முடிவில் 95.7 விழுக்காட்டினரைக் குணமாக்கியிருந்தது. பழைய வடிவத்தை ஒன்றுவிட்டு ஒரு நாளாகப் பதினைந்து முறை ஏற்றிக் கிடைத்த பலனும் ஏறத்தாழ இதுவே.

நன்கு வடிவமைத்த குமிழ்மேல் புரதம் சொற்பமாகவே படியும் என்று இதை மறுக்கலாம். உண்மைதான். ஆனால் சொற்பம் என்பது இல்லாமையாகாது. வெவ்வேறு லிப்போசோம்களை எலியின் இரத்தத்தில் செலுத்திய கனடிய ஆய்வு 1992இல் காட்டியது இது: புரதம் மிகுதியாகப் படிந்த குமிழ்களே விரைவில் இரத்தத்திலிருந்து அகற்றப்பட்டன.

இந்திய லிப்போசோம் மருந்தின் கதையிலும் பரப்பு என்னும் சிக்கல் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வு வாழ்வைக் கட்டியெழுப்பிய பிமல் குமார் பச்சாவத், கொல்கத்தா வழியாகத் தில்லிப் பல்கலைக்கழகத் தென்வளாகம் வந்து சேர்ந்தார். அவரும் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நீலிமா க்ஷீர்சாகரும் வழிவகுத்து உருவானதே ஃபங்கிசோம் என்னும் லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின். ஏற்றுமுன் அதை ஒலியலைக் கருவியில் வைத்துத் துகளளவைக் குறைக்க வேண்டும். வெளிநாட்டு மருந்தின் கொழுப்புக் கலவையும் வேறு. உள்ளிருக்கும் மருந்து ஒன்றாயினும் பரப்பு வேறானால் போர்வையும் வேறாகும். இரண்டையும் ஒரே மருந்தென்று எழுதிவிடுவது பிழை.

இரத்தமும் ஆளுக்கு ஆள் வேறு. காலா அசார் நோயாளிக்கு ஆல்புமின் குறைந்து குளோபுலின் மிகுந்திருக்கும். கரும்பூஞ்சைக்கு எளிதில் இரையாகும் சர்க்கரை நோயாளியின் ஆல்புமினில் குளூக்கோஸ் ஒட்டியிருக்கும். ஆய்வகத்திலோ பெரும்பாலும் பத்து விழுக்காடு கன்றுக்கருச் சீரத்தில்தான் அணுக்களை வளர்த்துத் துகளைச் சோதிக்கிறார்கள். ஒரே துகள்மேல் வெவ்வேறு நோயாளிகளின் பிளாஸ்மா வெவ்வேறு போர்வைகளை உருவாக்கும் என்பது 2014 முதல் அறிந்த செய்தி. நானோ மருந்துகளை மதிப்பிட உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அடுத்த திருத்தத்தில், எந்த நோய்க்கான மருந்தோ அந்த நோயாளிகளின் பிளாஸ்மாவில் போர்வைச் சோதனை கட்டாயமாக வேண்டும். முசாபர்பூரில் காலா அசார் நோயாளியிடம் எடுத்த மாதிரியும் சஃப்தர்ஜங்கில் கரும்பூஞ்சை நோயாளியிடம் எடுத்த மாதிரியும் ஒரே மருந்துக்கு என்ன போர்த்துகின்றன என்று நிறைமாலைமானி காட்டிவிடும். கடினமான பகுதி அதற்கு முந்தையது: குமிழ்களை இரத்தத்தின் லிப்போபுரதங்களிலிருந்து பிரித்தெடுப்பது. அளவிலும் அடர்த்தியிலும் இரண்டும் நெருங்கியவை, மையவிலக்கு மட்டும் போதாது. முறையை வகுப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இந்தச் சிக்கலைத்தான்.