'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா': கணவரால் தாக்கப்படும் பெண்களுக்கு கவுன்சிலிங் எப்படி இருக்க வேண்டும்?

கணவரின் அடி தாங்காமல் உதவி கேட்கும் பெண்ணுக்குச் சொந்த வீட்டிலேயே அடிக்கடி கிடைக்கும் பதில், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." கவுன்சிலிங் அறையிலும் இதே பதில் கிடைத்தால்?

எண்கள் என்ன சொல்கின்றன?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான 18-49 வயதுப் பெண்களில் 29.3% பேர், அதாவது 10-ல் 3 பேர், கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14% மட்டுமே. 77% பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

ஏன் இந்த மௌனம்?

சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, சமையல் சரியில்லை என்பது உட்பட 7 காரணங்களை அதே ஆய்வு முன்வைத்தது. இவற்றில் ஒன்றுக்காகவாவது கணவர் அடிப்பது நியாயம்தான் என்று 45% பெண்களும் 44% ஆண்களும் சொன்னார்கள். பெண்களில் இப்படிச் சொன்னவர்கள் தெலங்கானாவில் சுமார் 84%, இமாச்சலப் பிரதேசத்தில் சுமார் 15%.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்ற கேள்வியோடு ஒரு பெண் கவுன்சிலிங்குக்கு வருவது இதனால்தான். எதிரே இருப்பவரும் இதே சமூகத்தில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

மாற்று வழி இருக்கிறதா?

இருக்கிறது. மும்பை பாந்த்ராவில் உள்ள மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில் 2000-ல் 'திலாசா' மையம் தொடங்கப்பட்டது. மாநகராட்சியும் செஹாட் அமைப்பும் சேர்ந்து தொடங்கியது இது. 'அடி வாங்கியது உன் தவறு அல்ல' என்பதுதான் இங்கே ஆலோசனையின் தொடக்கம். 'எப்படியாவது சேர்ந்து வாழுங்கள்' என்பதைவிட அவரது பாதுகாப்பும் அவரது முடிவும்தான் முக்கியம்.

சிகிச்சை பலன் தருமா?

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகள் நடத்தினார்கள். 2017-ல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. மனச்சோர்வு குறைந்தது. 3 மாதங்களுக்குப் பிறகு, சிகிச்சை பெற்ற பெண்கள் துணைவரின் உடல்ரீதியான வன்முறையும் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆனால் இதை வைத்து, 'பெண் மனசு தேறினால் அடி நின்றுவிடும்' என்று முடிவு கட்ட முடியாது. அடிப்பதை நிறுத்த வேண்டியது அடிப்பவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் 14-வது பிரிவின்படி, மாஜிஸ்திரேட் இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே 'அவ அப்படிப் பேசினா, அதான் அடிச்சேன்' என்று கணவர் நியாயம் சொல்ல 2006 விதிகள் அனுமதிப்பதில்லை. இது அமர்வு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

எங்கே உதவி கேட்கலாம்?

பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. உடனடி ஆபத்து என்றால் 112.

கவுன்சிலிங்கில் யாராவது 'அனுசரிச்சுப் போ' என்று மட்டும் சொன்னால், வேறு ஆலோசகரைக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.