கவுனை எரித்த வக்கீல்

நம் ராயபுரம், காசிமேட்டு ஜனங்கள் மனுவோடு போய் நிற்கும் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்குப் பெயர் சிங்காரவேலர் மாளிகை. பீச் ஸ்டேஷன் பக்கம், ராஜாஜி சாலையில் இருக்கிறது. போன வாரம் அங்கே வரிசையில் நின்றபோது பக்கத்திலிருந்த ஒரு தம்பியிடம், "யாருப்பா இந்தச் சிங்காரவேலர்?" என்று கேட்டேன். "முருகர் பேரு சார்" என்றான். வாத்தியார் புத்தி, சும்மா இருக்க முடியவில்லை.

ம. சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகும் சனங்களிடையிலிருந்து ஒருவர் அந்தக் காலத்தில் சட்டம் படித்து ஹைகோர்ட்டில் வக்கீலாக நின்றார் என்பதே பெரிய விஷயம். 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது வக்கீல் கவுனை எரித்துவிட்டு வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 61. நாமெல்லாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஈஸி சேரில் சாய்கிற வயது!

அதே ஆண்டு பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். அதில் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தப் போராட்டம் நடுவில் சாதிச் சண்டையாகவும் உடைந்தது. அதை மறைத்துவிட்டு வடசென்னைத் தொழிலாளர் வரலாறு பேசக் கூடாது.

1923 மே 1. இந்தியாவில் முதல் மே தினத்தை அவர்தான் நடத்தினார். சென்னையில் இரண்டு கூட்டங்கள்: ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்னொன்று ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையில். விட்டு வந்த கோர்ட்டுக்கு நேர் எதிரே! கொடிக்குத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, எனக்குப் பிடித்த கதை. மே தினத்துக்கு விடுமுறை கேட்டு அன்றே தீர்மானம் போட்டார்கள்.

1925-ல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். எழுபதை நெருங்கும் கிழவருக்கு! அப்பீலில் குறைந்து, 1930-ல் வெளியே வந்தார். 1946 பிப்ரவரி 11-ல் காலமானார்.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். முதல் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம்.

எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். "எனக்கு எப்பவுமே பன்னிரண்டு மணி நேரம்தான் சார்" என்றான். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொல்லவில்லை.