கலினம் வந்த வழி

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் முளைக்காத இடம் ஒன்று உண்டு. வெறும் ஈறு. கடிவாளத்தின் இரும்பு அந்த ஈறின் மேல்தான் கிடக்கும். வாரை லேசாகச் சுண்டினாலே குதிரைக்கு உறைக்கும். அத்தனை பெரிய உடம்பு விரல் கனமுள்ள ஓர் இரும்புக்குக் கட்டுப்படுவது இதனால்தான்.

கிரேக்கர்கள் இதைக் ‘கலினோஸ்’ என்றார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய செனபோன், ஒருவரிடம் குறைந்தது இரண்டு கலினோஸ் இருக்க வேண்டும் என்கிறார்: ஒன்று வழவழப்பானது, மற்றது முள் வைத்தது. முள்ளில் பழகிய குதிரை, வழவழப்பானதைப் போட்டதும் மகிழ்ந்து, கற்றதையெல்லாம் செய்யுமாம். குதிரையின் வாயை நினைத்து எழுதியவர் என்பதாலேயே அவர் மேல் எனக்கு மதிப்பு.

கி.மு. 326இல் அலெக்சாந்தர் ஜீலம் ஆற்றங்கரையில் போரிட்டார். பின்னால் வந்த கிரேக்க அரசர்கள் பஞ்சாபை ஆண்டார்கள். இப்படிக் கலந்து பழகியதில் கலினோஸ் சமஸ்கிருதத்தில் ‘கலீன’ ஆனது என்பது அறிஞர் பலரின் முடிவு. கிரேக்கத்தில் மூச்சு விட்டு ஒலித்த முதலெழுத்து சமஸ்கிருதத்திலும் அப்படியே மூச்சோடு நின்றது. தமிழுக்குள் வந்தபோதுதான் அந்த மூச்சு அடங்கி, ‘கலினம்’ என்று நம் ககரத்தில் அமர்ந்தது. வேதமொழியில் வாருக்கு ‘ரச்மி’ என்ற சொல் முன்பே இருந்தது. குதிரையை அறியாதவர்கள் வாங்கிய கடனல்ல இது.

ஓரை, கேந்திரம், சுருங்கை ஆகியவையும் இதே போலக் கிரேக்கத்தில் புறப்பட்டவை. அவற்றில் ஓரையை இன்றும் பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். கலினம் செய்யுளோடும் நிகண்டோடும் நின்றுவிட்டது.

பேச்சில் வென்றது கடிவாளம். மலையாளத்தில் அது கடிஞ்ஞாண், கன்னடத்தில் கடிவாண. மலையாளச் சொல்லில் ‘ஞாண்’ பளிச்சென்று தெரிகிறது. வில்லின் நாணுக்குப் பழந்தமிழ் வழங்கிய அதே சொல். கடிக்கக் கொடுத்த கயிறு! நம் ‘வாள’த்திலும் அந்த ஞாணே உருமாறிக் கிடக்கிறது என்பது என் கணிப்பு. பாரசீகத்து ‘லகாம்’ பிறகு வந்து, தமிழன் வாயில் லகான் ஆனது.

விலைவாசிக்குக் கடிவாளம் என்று நாளிதழ்கள் இன்றும் தலைப்புப் போடுகின்றன. கலினத்துக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. அடுத்த முறை தமிழ் அகராதியைப் புரட்டும்போது ககர வரிசையில் அதை ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.